கிரேக்கத்துல ஒரு வார்த்தைய எப்படி தேடுறது: ‘அனோதென்’ மேலேருந்தா, மறுபடியுமா?

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வேதபாட கூட்டத்துல யோவான் 3-ஆம் அதிகாரம் ஓடிட்டு இருந்துச்சு, தன்னை பாக்க வந்த நிக்கொதேமுங்கிற யூதத் தலைவர்கிட்ட இயேசு ‘மறுபடியும் பிறக்கணும்’னு சொல்ற இடம். நான் அப்பதான் கிரேக்க எழுத்து கத்துக்கிட்ட புதுசு, வாய் சும்மா இருக்குமா, “இங்க ‘மறுபடியும்’னு போட்டது தப்பு, மூலத்துல ‘மேலேருந்து’ன்னுதான் இருக்கு”ன்னு பெரிய ஆளு மாதிரி சொல்லிட்டேன். பின்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவர், ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், பொறுமையா கேட்டாரு: “சரி தம்பி, அப்போ நிக்கொதேமு எதுக்கு தாய் வயித்துக்குள்ள ரெண்டாந்தடவை போறத பத்தி பேசுறாரு? அவருக்கு கிரேக்கம் தெரியாதா?” எனக்கு பதில் இல்ல. “பாத்துட்டு சொல்றேங்கய்யா”ன்னு உக்காந்துட்டேன்.

அந்த ‘பாத்துட்டு’ க்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு, காசும் கொஞ்சம் போச்சு. சரியா போயிருந்தா ரெண்டு சாயங்காலத்துல முடிஞ்சிருக்கும், செலவு ஒரு நோட்டு வாங்குற காசுதான். அதான் எழுதுறேன். வார்த்தை ‘அனோதென்’ (ἄνωθεν). வினையுரிச்சொல், அதாவது வினைய ஒட்டி நிக்கிற சொல். வேற எந்த கிரேக்க வினையுரிச்சொல்லுக்கும் இதே வழிதான்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில என்ன வேணும்

முதல்ல எழுத்து. 24 எழுத்துதான், தினம் அரை மணி நேரம் உக்காந்தா ஒரு வாரத்துல படிக்க வந்துரும். இத விட்டுட்டு நேரா அகராதிக்கு போகாதீங்க. நான் அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு போனேன், ‘ஒமேகா’வ ‘டபிள்யூ’ன்னு நினைச்சு ஒரு நாள் முழுக்க சுத்துனேன் (காமெடி என்னன்னா சில தளங்கள்ல அப்படித்தான் டைப் பண்ணணும், அத கீழ சொல்றேன்).

ரெண்டாவது, கிரேக்க மூலம். புதிய ஏற்பாட்டுக்கு 2010-ல வந்த எஸ்பிஎல் கிரேக்க பதிப்பு இலவசமாவே கிடைக்குது. ஸ்டெப் பைபிள் தளத்துல வார்த்தைய தொட்டா அதோட மூல வடிவம், அது வர்ற மத்த வசனங்கள் எல்லாம் காட்டும். இதுக்கும் காசு கிடையாது.

மூணாவது, அகராதி. லிடெல்–ஸ்காட்–ஜோன்ஸ்னு ஒண்ணு இருக்கு, முதல் பதிப்பு 1843, இப்ப எல்லாரும் பாக்குறது 1940-ல முடிஞ்ச ஒன்பதாவது பதிப்பு. இது புதிய ஏற்பாட்டுக்கு மட்டும் இல்ல, ஹோமர்ல இருந்து எல்லாத்துக்கும். பெர்சியஸ் தளத்துலயும் சிகாகோ பல்கலைக்கழகத்தோட லோகெயோன் தளத்துலயும் ஃப்ரீயா இருக்கு. புதிய ஏற்பாட்டுக்குன்னே தனியா பாவர்–டாங்கர் அகராதி இருக்கு, 2000-ல மூணாவது பதிப்பு, நல்ல புத்தகம், ஆனா நூறு டாலருக்கு மேல ஆகும். ஒரு வார்த்தைக்காக வாங்காதீங்க. பக்கத்துல இறையியல் கல்லூரி இருந்தா அங்க நூலகத்துல கேட்டு பாருங்க, அந்த ஒரு பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்தா போதும்.

நாலாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. சிரிக்காதீங்க, இதுதான் ரொம்ப முக்கியம்.

காசு போன கதை: “கிரேக்கம் தெரியாமலே மூல மொழியில வேதம்”னு விளம்பரம் பாத்து ஒரு ஆப்புக்கு வருஷ சந்தா கட்டுனேன். உள்ள போய் பாத்தா ஸ்ட்ராங் எண்ணும் (ஒவ்வொரு மூல வார்த்தைக்கும் போட்ட வரிசை எண்) அதுக்கு பக்கத்துல ரெண்டு வரி அர்த்தமும், அவ்ளோதான். அது வெளியில ஓசியில கிடைக்கிற சமாச்சாரம், 1890-ல வந்தது.

2. வார்த்தைய சரியா டைப் பண்ணுங்க

இதுலயே பாதி பேர் விட்டுட்டு ஓடிருவாங்க. முதல் எழுத்து ஆல்ஃபா மேல ரெண்டு குறி இருக்கும், ஒண்ணு மூச்சுக்குறி, ஒண்ணு அழுத்தக்குறி. போன் கீபோர்டுல ‘கிரேக்கம்’ சேத்தீங்கன்னா அது இன்னைக்கு ஏதென்ஸ்ல பேசுற மொழிக்கான கீபோர்டு, அதுல மூச்சுக்குறி வராது. பழைய கிரேக்கத்துக்கு ‘பாலிடோனிக்’னு தனி கீபோர்டு, அத சேருங்க. இல்லன்னா ஸ்டெப் தளத்துல இருந்து வார்த்தைய அப்படியே காப்பி பண்ணுங்க, அது இன்னும் சுலபம்.

பெர்சியஸ்ல இங்கிலீஷ் எழுத்துலயே அடிக்கலாம், ஆனா அவங்க கணக்கு வேற: தீட்டாவுக்கு ‘க்யூ’, ஒமேகாவுக்கு ‘டபிள்யூ’. ‘டிஎச்’, ‘ஓ’ன்னு அடிச்சீங்கன்னா ஒண்ணும் வராது, ‘இந்த வார்த்தையே இல்ல போல’ன்னு நினைச்சுருவீங்க. நான் நினைச்சேன்.

கூகுள் டிரான்ஸ்லேட்ல மட்டும் போடாதீங்க. அது இன்னைக்கு பேசுற கிரேக்கத்துக்கு அர்த்தம் சொல்லும். சங்கத்தமிழ்ல ஒரு சொல்ல எடுத்துட்டு டீக்கடையில போய் அர்த்தம் கேக்குற மாதிரி, சில நேரம் சரியாவும் இருக்கும், அதான் ஆபத்தே.

3. வார்த்தைய பிரிச்சு பாருங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க

‘அனோ’ன்னா மேலே. ‘தென்’ன்னா இலிருந்து. சேத்தா மேலேருந்து. தமிழ் தெரிஞ்சவங்களுக்கு இது அல்வா மாதிரி, நம்ம உருபு ஒட்டுற மாதிரியே அவங்களும் வால்ல ஒட்டுறாங்க. ‘ஒய்கொதென்’ வீட்லருந்து, ‘ஒய்கதெ’ வீட்டுக்கு. ‘அதேனேதென்’ ஏதென்ஸ்லருந்து. ‘பொதென்’ எங்கருந்து. ‘ஊரனொதென்’ வானத்துலருந்து, இது அப்போஸ்தலர் 14:17-ல மழை வர்ற இடத்துல இருக்கு.

ஒரு பத்து ‘தென்’ வார்த்தைய நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, அப்புறம் எங்க பாத்தாலும் கண்ணுல படும். இப்படி எழுதி வச்சதாலதான் எனக்கு ஒண்ணு சிக்குச்சு: யோவான் 3:8-ல காத்து “இன்ன இடத்திலிருந்து வருகிறதென்றும்” உனக்கு தெரியாதுன்னு வருதுல்ல, அந்த ‘இன்ன இடத்திலிருந்து’க்கு கிரேக்கத்துல ‘பொதென்’. 3:3-ல ‘அனோதென்’, அஞ்சு வசனம் தள்ளி ‘பொதென்’. ரெண்டுக்கும் ஒரே வால். தமிழ்ல படிச்சா ‘மறுபடியும்’, ‘இன்ன இடத்திலிருந்து’ன்னு ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும்.

இப்ப பொறி. பிரிச்சா வர்ற அர்த்தம்தான் உண்மையான அர்த்தம்னு நினைச்சுராதீங்க, கூட்டத்துல நான் அசிங்கப்பட்டது இதனாலதான். ‘கைப்பேசி’ய பிரிச்சா ‘கை பேசுறது’ன்னு வரும், யாராவது அப்படி அர்த்தம் பண்ணுவோமா? அந்த ‘தென்’ வாலே காலப்போக்குல தேஞ்சு போச்சு. மாற்கு 15:38-ல கோயில் திரை மேலேருந்து கீழ வரைக்கும் கிழியிற இடத்துல ‘அனோதென்’க்கு முன்னாடி ‘அப்’னு இன்னொரு ‘இருந்து’ சேத்திருக்காங்க. வால்ல இருக்குற ‘இருந்து’ பத்தல, அதான் முன்னாடியும் ஒண்ணு. நம்மாளுங்க ‘நடு சென்டர்’னு சொல்றதில்லையா, அது மாதிரி.

4. அகராதிய படிக்கிற விதம்

அகராதி பக்கத்த தொறந்தா முதல்ல பயமா இருக்கும், ஒரே சுருக்கெழுத்து. எழுதுனவங்க பேரு, நூல் பேரு எல்லாத்தையும் ரெண்டு மூணு எழுத்துல அடைச்சிருப்பாங்க, துசிடிடீஸ், ஹெரோடோட்டஸ், பிளேட்டோ, ஜொசீஃபஸ்னு. லோகெயோன்ல சுருக்கத்தோட விரிவ பாக்க முடியும், முதல் நாள் அதுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கிருங்க.

‘அனோதென்’க்கு அதுல வர்றத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன்.

முதல்ல இடம்: மேலேருந்து, உயரத்துலருந்து. துசிடிடீஸ்ங்கிற பழைய கிரேக்க வரலாற்றாசிரியரோட நாலாவது புத்தகத்துல “மேலேருந்து தண்ணி வந்ததால”ன்னு ஒரு இடம், அதாவது மழை. அவ்ளோ சாதாரண வார்த்தை இது, தெய்வீகமா ஒண்ணும் இல்ல, மாடியில இருந்து வாளிய இறக்குனா அதுக்கும் இதே வார்த்தைய போடலாம்.

அடுத்து காலம்: ஆரம்பத்துலருந்து, ரொம்ப முன்னாடிலருந்து.

அதுக்கடுத்து: திரும்ப, புதுசா, முதல்லருந்து இன்னொரு தடவை. இதுக்கு ஜொசீஃபஸ் எழுதுன யூத வரலாறு முதல் புத்தகத்துல ஈசாக்கு–அபிமெலேக்கு கதைய காட்டுறாங்க, அங்க நட்ப ‘அனோதென்’ பண்ணிக்கிறாங்க, அதாவது விட்டுப்போன நட்ப புதுசா புடிச்சுக்கிறாங்க. வானத்துலருந்து நட்பு இறங்கல.

‘மேலேருந்து’ எப்படி ‘மறுபடியும்’ ஆச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் மண்டைய குடைஞ்சுது. அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்ல ஒரு அம்மா புள்ளைக்கு பாடம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க, அவன் நடுவுல திக்கிட்டான், உடனே அவங்க, “மேலேருந்து வாசி!” அவன் திரும்ப முதல் வரியில இருந்து ஆரம்பிச்சான். அவ்ளோதான் விஷயம். பக்கத்தோட மேல்தான் ஆரம்பம், ஆரம்பத்துலருந்துன்னா இன்னொரு தடவை. மூணு அர்த்தமும் அந்த அம்மா சொன்ன ஒரே வார்த்தையில இருக்கு. சிரியாக் மொழியில பெஷித்தாங்கிற பழைய மொழிபெயர்ப்புலயும் யோவான் 3:3-க்கு ‘தலையிலருந்து’ங்கிற மாதிரி சொற்றொடர்தான், அதாவது ‘முதல்லருந்து’.

5. எல்லா இடத்தையும் நோட்டுல எழுதுங்க

இந்த படிய மட்டும் தாண்டவே தாண்டாதீங்க. அகராதி லிஸ்ட்ல பிடிச்ச அர்த்தத்த எடுத்துக்கிறது சாப்பாட்டு மெனு பாத்து ஆர்டர் பண்றது மாதிரி, அது படிக்கிறது இல்ல. ‘அனோதென்’ புதிய ஏற்பாட்டுல மொத்தம் 13 தடவைதான் வருது. ஒரு சாயங்காலம் போதும். ஒவ்வொண்ணுக்கும் நாலு கட்டம் போடுங்க: வசனம், பக்கத்துல இருக்குற வினை, தமிழ்ல என்ன போட்டிருக்காங்க, இடமா காலமா.

என் நோட்டுல இருக்குறது இதான். மத்தேயு 27:51, மாற்கு 15:38, திரை கிழியிறது, இடம், சந்தேகமே இல்ல ஏன்னா கூடவே ‘கீழ்வரைக்கும்’னு வருது. லூக்கா 1:3, வினை ‘கவனிச்சு விசாரிச்சது’, தமிழ்ல ‘ஆதிமுதல்’, காலம். அப்போஸ்தலர் 26:5, பவுல யூதருங்க முன்னாடிலருந்தே அறிஞ்சிருக்காங்க, காலம். கலாத்தியர் 4:9, திரும்ப அடிமையாகுறது, இங்க ‘பலின் அனோதென்’னு ரெண்டு வார்த்தை சேந்து வருது, ‘பலின்’ன்னாலே மறுபடியும், அதனால ‘மறுபடியும் முதல்லருந்து’. யாக்கோபுல மூணு தடவை, 1:17, 3:15, 3:17, மூணும் மேலேருந்து வர்ற ஈவும் ஞானமும்.

மிச்சம் அஞ்சு யோவான்ல. 3:31 ‘உன்னதத்திலிருந்து’ வர்றவர். 19:11 பிலாத்துகிட்ட சொல்றது, ‘பரத்திலிருந்து’ குடுக்கப்படலன்னா. 19:23 தையல் இல்லாத அங்கி, ‘மேலே தொடங்கி’ நெய்யப்பட்டது. அப்புறம் நம்ம 3:3-ம் 3:7-ம், ‘மறுபடியும்’.

இத எழுதி முடிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு இருந்தேன். நம்ம சர்ச்சுல வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமத்துல ஒரே புத்தகத்துக்குள்ள ஒரே வார்த்தைக்கு நாலு தமிழ்: மறுபடியும், உன்னதத்திலிருந்து, பரத்திலிருந்து, மேலே தொடங்கி. ஒவ்வொண்ணும் அந்தந்த இடத்துல நல்ல தமிழ்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா நாலும் ஒரே வார்த்தைன்னு தமிழ்ல படிக்கிறவனுக்கு தெரிய வாய்ப்பே இல்ல. பழைய லத்தீன் வேதாகமமான வுல்காத்தாலயும் இதே கதைதான், 3:3-ல ‘தேனுவோ’, புதுசா. 3:31-ல ‘தேசூர்சும்’, மேலேருந்து.

6. பக்கத்துல இருக்குற வினைய பாருங்க, இடத்தையும் பாருங்க

வினையுரிச்சொல் தனியா அர்த்தம் தராது, வினை கையபுடிச்சு கூட்டிட்டு போகும். கிழியிறது, வர்றது, குடுக்குறது, நெய்யுறது வந்தா இடம். அறியிறது, விசாரிக்கிறது வந்தா காலம். விட்டத திரும்ப புடிக்கிற செயல் வந்தா மறுபடியும். பிறக்குறதுக்கு? ரெண்டுமே ஒட்டும். மேலேருந்து பிறக்கலாம், மறுபடியும் பிறக்கலாம். போதாக்குறைக்கு அங்க இருக்குற கிரேக்க வினை அம்மா பெத்தெடுக்குறதுக்கும் வரும், அப்பாவால உண்டாகுறதுக்கும் வரும்.

இன்னொரு விஷயம், வார்த்தை எங்க நிக்குது. யாக்கோபு 3:17-ல ‘அந்த’ங்கிற மாதிரி ஒரு சுட்டும் ‘ஞானம்’ங்கிற பெயரும், ரெண்டுக்கும் நடுவுல ‘அனோதென்’ன சொருகிட்டாங்க. “மேலேருந்து ஞானம்”னு அப்படியே சொன்னா தமிழ்ல நிக்காது, நாம ‘வருகிற’ன்னு ஒரு எச்சத்த சேத்தே ஆகணும், “பரத்திலிருந்து வருகிற ஞானம்”. மூலத்துல ‘வருகிற’ கிடையாது. இப்படி தமிழுக்காக சேத்தத வச்சு யாராவது பிரசங்கம் பண்ணுனா நைசா சிரிச்சுக்கலாம், வெளிய சொல்ல வேணாம்.

வினையுரிச்சொல்லுல ஒரு நிம்மதி, வேற்றுமை, பால், எண் எதுக்கும் உருவம் மாறாது. பெயர்ச்சொல் தேடுறப்ப படுற பாடு இதுல இல்ல, அதனாலதான் புதுசா வர்றவங்க இதுலருந்து ஆரம்பிக்கலாம்னு சொல்றேன்.

7. பதில் சொல்றவர் என்ன வார்த்தை போடுறாருன்னு பாருங்க

உரையாடல்னா இந்த படி கண்டிப்பா வேணும். நான் இத செய்யாமதான் வாய தொறந்தேன். 3:4-ல நிக்கொதேமு திரும்ப பேசுறப்ப ‘அனோதென்’னு சொல்லல. ‘தெயுதெரொன்’ங்கிறாரு, இரண்டாந்தரம். அதாவது ரெண்டு அர்த்தம் உள்ள வார்த்தையில ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டு அதுலயே நிக்கிறாரு. 3:31-லயும் அதுக்கப்புறமும் பாத்தா யோவான் இந்த வார்த்தைய எப்பவும் ‘மேலேருந்து’ங்கிற பக்கம்தான் புழங்குறாரு. ஆக நிக்கொதேமு தப்பா புரிஞ்சுக்கிறதே கதையோட நடை, இதுக்கு முந்தின அதிகாரத்துல ஆலயத்த பத்தியும் அடுத்த அதிகாரத்துல தண்ணிய பத்தியும் இதே மாதிரி ஆளுங்க வேற ஒண்ண புரிஞ்சுப்பாங்க.

அப்போ ‘மறுபடியும்’ தப்பா? தப்பு இல்ல. அத போட்டாதான் நிக்கொதேமு கேள்வி தமிழ்ல நிக்கும். ‘மேலேருந்து’ன்னு போட்டா இயேசு சொல்றது 3:31-ஓட சேரும், ஆனா அடுத்த வசனத்துல கேள்வி தொங்கிரும். எதப் போட்டாலும் ஒண்ண இழக்கணும். என் கட்சி ‘மேலேருந்து’தான், ஆனா அடிக்குறிப்புல ‘மறுபடியும்’ கட்டாயம் வேணும்.

இங்க எதிர்ப்பக்க பொறியும் இருக்கு. ரெண்டு அர்த்தம் இருக்குன்னு தெரிஞ்சதும் பதிமூணு இடத்துலயும் ரெண்டையும் திணிக்க ஆரம்பிப்பாங்க, “திரை மறுபடியும் கிழிந்தது, இதன் ஆழமான பொருள் என்னவென்றால்”னு. வேணாம். திரை கிழிஞ்சது மேலேருந்து கீழ, முடிஞ்சுது.

8. எவ்ளோ நேரம், எவ்ளோ காசு

எழுத்து ஏற்கனவே தெரியும்னா: டைப்பிங் செட் பண்ண அரை மணி நேரம், அகராதி ஒண்ணரை மணி நேரம், 13 வசனம் நோட்டுல எழுத ரெண்டு ரெண்டரை மணி நேரம், வினை பாத்து பிரிக்க இன்னொரு ஒரு மணி நேரம். ரெண்டு சாயங்காலம். செலவு நோட்டுக்கு முப்பது நாப்பது ரூபா, ஜெராக்ஸ் எடுத்தா இன்னும் பத்து. நூத்துக்கணக்குல வர்ற வார்த்தைய முதல் தடவையே எடுக்காதீங்க. ‘பலின்’ எடுத்தா செத்தீங்க, அது மட்டும் நூத்து நாப்பது தடவைக்கு கிட்ட வருது.

பயிற்சிக்கு ‘பைதியொதென்’ எடுத்து பாருங்க, மாற்கு 9:21, ஒரே ஒரு இடம்தான், ‘சிறுவயதுமுதல்’ங்கிற மாதிரி தமிழ்ல இருக்கும். அதே ‘தென்’ வால், ஆனா இங்க இடமே இல்ல, காலம் மட்டும். முன்னாடி இன்னொரு ‘இருந்து’ இருக்கான்னும் பாத்துக்கோங்க. இருபது நிமிஷ வேலை.

நோட்ட எடுத்துட்டு போய் அந்த பெரியவர்கிட்ட காட்டுனேன். கண்ணாடிய போட்டுக்கிட்டு பதிமூணையும் விரல் வச்சு ஒவ்வொண்ணா படிச்சாரு, கடைசியில “மேலேருந்து வாசின்னு நானும் முப்பது வருஷம் கிளாஸ்ல சொல்லியிருக்கேன்டா”ன்னாரு. நோட்டு இன்னும் அவர்கிட்டதான் இருக்கு, நான் இப்ப புதுசா ஒண்ணு வாங்கணும்.